மூலத்துக்கு முந்திய நகல்: மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் மூன்றாவது தட்டும் அதன் ரசிகர்களும்

'குறைத்து மதிப்பிடப்பட்டது' என்ற சொற்றொடரை ஒரு ரசிகர் உச்சரிக்கும்போது அதன் தொனியைக் கவனிக்க வேண்டும். பாதி வருத்தம், பாதி பெருமை. ஊரே தவறவிட்டதை நான் தவறவிடவில்லை என்பது அதில் சொல்லாமல் சொல்லப்படுகிறது. விமர்சகர்கள் ஒதுக்கிவைத்த ஒரு படைப்பின் மீது ரசிகர் கொள்ளும் பிரியத்தில் அவர் தன் காதுகளுக்குத் தானே வழங்கிக்கொள்ளும் சான்றிதழ் ஒன்று எப்போதும் ஒளிந்திருக்கிறது. தமிழில் 'ரசிகர்' என்கிற ஒரே சொல்தான் சபாவில் தொடையில் தாளம் போடுகிறவரையும் குறிக்கிறது, தியேட்டர் வாசலில் கட்அவுட்டுக்குப் பாலூற்றுகிறவரையும் குறிக்கிறது. முன்னவருக்குப் பாண்டித்தியம், பின்னவருக்குப் பக்தி என்று பிரித்துவைத்திருக்கிறோம். இங்கே நான் பேசப்போகிற தட்டின் ரசிகர்களிடம் இந்தப் பிரிவினை செல்லாது. தாளக் கணக்கும் சொல்வார்கள், பாலும் ஊற்றுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்பதால் கீழே வரும் விமர்சனத்தில் பாதி என் மீதே விழுகிறது.

தட்டு இது: மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'பிட்வீன் நத்திங்னஸ் அண்ட் எடர்னிட்டி'. சூன்யத்துக்கும் நித்தியத்துக்கும் நடுவே என்று தமிழ்ப்படுத்தலாம். 1973 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த கச்சேரியில் பதிவானது, அதே ஆண்டு நவம்பரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. குரல் கிடையாது, பாட்டு வரி கிடையாது. ஐந்து பேர்: கிதாரில் ஜான் மக்லாஃப்லின், வயலினில் ஜெர்ரி குட்மேன், மின் பியானோவிலும் சிந்தசைசரிலும் யான் ஹம்மர், பேஸ் கிதாரில் ரிக் லேர்ட், டிரம்ஸில் பில்லி கோபம் (தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, வாசிப்பைக் கேட்டவர்கள் பெயர்ப்பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்). யார்க்ஷயர், சிகாகோ, பிராக், டப்ளின், பனாமா என்று ஐந்து திசையிலிருந்து வந்தவர்கள். 1971இல் வந்த 'தி இன்னர் மௌண்டிங் ஃப்ளேம்', 1973இன் தொடக்கத்தில் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற இரண்டு ஸ்டுடியோத் தட்டுகளும் ஜாஸ்-ராக் வரலாறு எழுதுகிற எவரும் தாண்டிப்போக முடியாதவையாகிவிட்டன. மூன்றாவதாக வந்த மேடைப் பதிவுக்கோ அந்த வரலாறுகளில் ஒரு அடைப்புக்குறி கிடைத்தால் அதிகம்.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக வருகிற பதில்: அது ஒரு மாற்று ஏற்பாடு. 1973 ஜூனில் இதே ஐவர் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் மூன்றாவது தட்டுக்காக ஒலிப்பதிவு செய்தார்கள். அதற்குள் குழு பிளந்துவிட்டது. பதிவு முடிக்கப்படாமல் கிடப்பில் போடப்பட்டு, இடத்தை நிரப்ப மேடைப் பதிவு வெளியானது. ஆக இந்தத் தட்டு பிறக்கும்போதே 'பதிலி'. ஒருபக்கம் வந்திருக்க வேண்டிய உண்மையான தட்டு, மறுபக்கம் அதற்குப் பதில் வந்தது. விமர்சகர்களின் அலட்சியமும் ரசிகர்களின் இரக்கமும் இந்த ஒரே எதிர்வின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இரு தரப்பும் சண்டை போடுவது போலத் தெரிந்தாலும் மூலம் வேறெங்கோ இருக்கிறது என்பதில் இருவருக்கும் சம்மதம்.

இந்தச் சம்மதத்தைத்தான் உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரசிகர்கள் இந்தத் தட்டுக்காக வாதாடும்போது என்ன சொல்கிறார்கள்? பச்சையாக இருக்கிறது, மெருகு போடவில்லை, குழு உடையப்போகிற நேரத்து ஆவேசம் கேட்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. 1973 டிசம்பர் இறுதியோடு ஐவரும் பிரிந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒரு அமெரிக்க இசைப் பத்திரிகையில் குழுவினர் சிலர் தங்கள் மனக்குறையை வெளிப்படையாகப் பேசியிருந்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு தட்டைப் போட்டால் ஒவ்வொரு உச்சத்திலும் ஒரு விவாகரத்து கேட்கத்தானே செய்யும். வால்டர் பெஞ்சமின் இயந்திர மறுஉற்பத்தி படைப்பின் ஒளிவட்டத்தை அழித்துவிடுகிறது என்றார். ரசிகர் செய்வது இதற்கு நேர்மாறு: ஆயிரக்கணக்கில் அச்சான வினைல் தட்டுக்கு 'கடைசி நாட்கள்' என்கிற கதையைச் சுற்றி ஒளிவட்டத்தைத் திரும்ப மாட்டிவிடுகிறார். கதை வந்து உட்கார்ந்ததும் ஒலி பின்னுக்குப் போய்விடுகிறது. சாவு வீட்டில் இறந்தவரின் குணத்தைப் பேசுகிற மாதிரி, எல்லாமே உருக்கம்.

ஆனால் அந்த மாலைகளின் பௌதிக நிலைமை அவ்வளவு காவியத்தன்மையானதல்ல. கச்சேரி நடந்த இடம் வோல்மன் ரிங்க். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆடும் திடல், கோடையில் இசை விழா நடத்தும் திறந்தவெளி. விழாவுக்குப் பெயர் ஷேஃபர் இசை விழா. ஷேஃபர் என்பது பீர் கம்பெனி. டிக்கெட் விலை குறைவு, கூட்டம் இளசு. மேடையில் ஸ்ரீ சின்மோயின் சீடராகி மகாவிஷ்ணு என்று பெயர் பெற்ற, வெள்ளை உடை உடுத்த, கச்சேரிக்கு முன் கூட்டத்தை ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொல்லும் வழக்கமுள்ள ஒரு ஆங்கிலேயர். கூட இருந்த நால்வர் யாருக்கும் சீடர் அல்ல. தியானம், பீர், பனித்திடல், பெரிய ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள். தூய்மைவாதிகளுக்கு இந்தக் கலவை பிடிக்காது. எனக்கோ தட்டின் ஒலியில் ஏதோ ஒன்று இந்தக் கலவையால்தான் சாத்தியமாயிற்று என்று படுகிறது. ஸ்டுடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போகலாம். திறந்தவெளியில் முன்னால் கூட்டம் நிற்கையில், பக்கத்திலிருப்பவன் எங்கே திரும்பப்போகிறான் என்று கேட்டே தீரவேண்டும். மனஸ்தாபத்தைக் காதுக்குள் விடமுடியாத இடம் மேடை.

தட்டில் மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தில் 12 நிமிட 'ட்ரிலஜி', அடுத்து எட்டு நிமிடத்துக்கு மேல் 'சிஸ்டர் ஆண்ட்ரியா'. இரண்டாவது பக்கம் முழுக்க 'ட்ரீம்', 21 நிமிடம். முந்தைய தட்டுகளிலிருந்து எதையும் எடுத்துப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மேடைப் பதிவு என்றால் கூட்டம் ஏற்கனவே அறிந்த பாட்டுகளைத் திரும்ப வாசித்துக் கைதட்டு வாங்குவது என்பதுதான் அந்தக் காலத்து ராக் வணிகத்தின் நடைமுறை. வீட்டில் தட்டு வாங்கியவன் அங்கே போய்த் தன் தட்டை அடையாளம் கண்டுகொள்வான். இங்கே அடையாளம் காண எதுவுமில்லை. தட்டை வாங்கிய ஆளுக்கு மூன்று உருப்படிகளும் முதன்முதலாகக் காதில் விழுந்தது இந்த மேடையிலிருந்துதான். ஒத்துப்பார்க்க வீட்டில் வேறு பிரதி கிடையாது.

அதிகாரபூர்வமாக இந்த நிலை 26 வருஷம் நீடித்தது. 1999இல்தான் ட்ரைடென்ட் பதிவு கொலம்பியாவின் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டு 'தி லாஸ்ட் ட்ரைடென்ட் செஷன்ஸ்' என்று வெளியானது. 'மூலம்' கிடைத்துவிட்டது! என்ன ஆயிற்று? நன்றாகத்தான் இருக்கிறது. தெளிவு, சமநிலை, வயலினும் கிதாரும் தனித்தனியாகத் துலங்குகின்றன. ஆனால் பழைய ரசிகர் கேட்டதும் முகம் சுளித்தார். 'ட்ரீம்' அதில் 11 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. பாதி தூரத்தில் பஸ்ஸை நிறுத்திக் கீழே இறக்கிவிட்ட மாதிரி. காலத்தால் முந்திய பதிவு, கேட்பவரின் அனுபவத்தில் பிந்தியதாக, சுருக்கமாக, ஒத்திகையாக வந்து சேர்ந்தது. மூலம் நகலைப் போலிசெய்கிற இந்த வினோதத்தைப் பற்றிப் பாரிஸ்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு சிடி வாங்கித் தெரிந்துகொள்ள முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.  இன்னொன்று: 'ட்ரிலஜி'யின் நடுப்பகுதிக்கு 1999 வெளியீட்டில் கடலின் தாய் என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுத் தலைப்பு. வார்த்தையே இல்லாத இசையில் வார்த்தை இருந்த ஒரே இடம் தலைப்புதான். 

ஆகவே ரசிகர்கள் இத்தட்டை 'மெருகில்லாவிட்டாலும் நல்ல தட்டு' என்று சிபாரிசு செய்வதை நிறுத்திக்கொள்ளலாம். அந்த 'விட்டாலும்' இருக்கிறதே, அது எதிராளியின் அளவுகோல். எதனுடைய குறை இது? இல்லாத ஒரு ஸ்டுடியோத் தட்டோடு ஒப்பிட்டு, அந்த இல்லாத தட்டு எப்படியும் சிறப்பாகத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, இரக்கப்படுவது. ஐயோ பாவம் என்று தொடங்குகிற நேசத்துக்கு ஒரு எல்லை உண்டு.

சரி, கேட்போம். 'சிஸ்டர் ஆண்ட்ரியா' ஹம்மருடைய மெட்டு. மற்ற இரண்டும் மக்லாஃப்லினுடையவை. மகாவிஷ்ணுவின் பெயர்பெற்ற மெட்டுகளெல்லாம் மலை ஏறுகிறவை: ஒன்பது, பதினொன்று, பதினான்கு என்று எண்ணி எண்ணி மேலே போகிறவை. இது அப்படியில்லை. இடுப்பில் உட்கார்ந்திருக்கிற இசை. லேர்டின் பேஸ் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்துகிறது, அந்த நிறுத்தத்துக்குள் மின் பியானோ நுழைகிறது. கோபம் வேண்டுமென்றே குறைவாக வாசிக்கிறார், அவரைப் பொறுத்தவரை இது தவம். அதன் மேல் சிந்தசைசர் வருகிறது. ஹம்மர் அதன் சுருதிச் சக்கரத்தை விரலால் வளைத்து வளைத்து, கிதார்க் கம்பியை இழுக்கிற குரலைக் கொண்டுவருகிறார். அடுத்து கிதார் வரும்போது அது சிந்தசைசரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல ஒலிக்கிறது. வயலினும் மின்சாரம் ஏற்றப்பட்டு இருவருக்கும் நடுவில் ஒரு சத்தத்தில் நிற்கிறது. மூவரும் மாறிமாறிப் பேசுகிறபோது எந்த வாக்கியம் யாருடையது என்பது முதல் தடவை பிடிபடாது. பலபேருக்குப் பத்தாவது தடவையும் பிடிபடுவதில்லை.

எனக்குப் பிடிபடாமலே போனதற்குத் தனிக் காரணம் உண்டு. எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டில்தான் இதைக் கேட்டேன். தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து 42 நிமிடம். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. மேல் அட்டையில் கடைக்காரர் பேனாவால் எழுதியிருந்தது 'மகாவிஷ்ணு - லைவ்', அவ்வளவுதான். யார் வாசித்தது, எது யாருடைய மெட்டு, எதுவும் தெரியாது. பல வருஷம் மொத்தத்தையும் ஒரே நீண்ட உருப்படி என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உறையைப் பார்த்தபோதுதான் எல்லைகளும் உரிமையாளர்களும் முளைத்தார்கள். இதை வைத்து 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று கொண்டாடிவிட அப்போது ஆசையாக இருந்தது. பார்த்தின் கட்டுரையை நாமெல்லாம் அப்படித்தானே கையாண்டோம். இப்போது அந்த அவசரம் இல்லை. இந்தத் தட்டின் பின்னாலிருந்த சண்டையே ஆசிரியன் யார் என்பது பற்றியதுதான்.

கர்நாடக இசையில் கீர்த்தனைக்குள்ளேயே முத்திரை இருக்கிறது. 'த்யாகராஜ' என்ற பெயர் சரணத்தில் தைக்கப்பட்டுவிட்டது, எந்தப் பாடகர் பாடினாலும் அதை உச்சரித்தாக வேண்டும். நாகஸ்வரத்தில் வார்த்தை கேட்காது, ஆனாலும் அந்த இடம் வரும்போது கூட்டத்துக்குத் தெரியும். மக்லாஃப்லினுக்கு இது தெரியாததல்ல. எழுபதுகளின் முற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். ஆனால் அவருடைய குழுவின் இசையில் முத்திரை வைக்க இடம் இல்லை. பெயர் இருக்கக்கூடிய ஒரே இடம் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம். உரிமைத்தொகை அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் வரும். முதல் இரண்டு தட்டுகளிலும் அத்தனை மெட்டுக்கும் ஒரே பெயர். மேடையில் ஐந்து பேரும் சேர்ந்து நீட்டி, வளைத்து, உடைத்து உருவாக்கிய ஒன்றுக்குக் காகிதத்தில் ஒருவர் பெயர் போதுமா என்பது மற்றவர்களின் கேள்வி. தொடக்கக் கரு என்னுடையது என்பது அவருடைய பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 'இசைக்கு ஏது சொந்தக்காரன்' என்று ஆன்மீகம் பேசுவது இந்த விஷயத்தில் வசதியானவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

'ட்ரீம்' இந்த வழக்கின் சாட்சியம். மெட்டு மக்லாஃப்லினுடையது, சந்தேகமில்லை. மெதுவாக, ஏறக்குறைய தாலாட்டைப் போலத் தொடங்குகிறது. பிறகு வேகம் பிடித்து வயலினும் கிதாரும் ஒரே வரியை ஒருசேர ஓட்டிக்கொண்டு போகின்றன, ஒரு அசைகூடப் பிசகாமல். பிறகு மற்றவர்கள் ஒதுங்க, கிதாரும் டிரம்ஸும் மட்டும் எதிரெதிரே நிற்கும் இடம் வருகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பரிச்சயமாகத் தோன்றும், ஆனால் அவசரப்படக்கூடாது. அங்கே கணக்கு குறுகிக்கொண்டே போய் ஒரு கோர்வையில் சேரும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. இங்கே அப்படி ஒப்பந்தம் எதுவும் கேட்பவருக்குத் தெரியாது. கிதார் ஒரு சொற்கட்டை வீசுகிறது, கோபம் அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் வேறொன்றாக மாற்றிவிடுகிறார், கிதார் அந்த மாற்றத்தின் பின்னால் ஓடுகிறது. முன்னே போகிறவர் யார், தொடர்கிறவர் யார் என்பது சில நொடிகளுக்கொருமுறை புரண்டுகொண்டே இருக்கிறது. ஸ்டுடியோவின் 11 நிமிடம் மேடையில் 21 ஆனது இந்தப் புரளலால்தான். கூடுதலான அந்தப் பத்து நிமிடம் யாருடையது? வட்டக் காகிதத்தில் அதற்குப் பதில் கிடையாது. தட்டிலோ கேள்வி விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குழு உடைந்ததன் சோகத்தைக் கேட்கிறேன் என்கிற ரசிகரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உடைந்ததை அல்ல, உடைத்த வழக்கையே கேளுங்கள். வாதியும் பிரதிவாதியும் ஒரே மேடையில், ஒரே தாளத்தில் நின்று வாதாடுகிறார்கள்.

மக்லாஃப்லின் அதன் பிறகு வேறு ஆட்களோடு அதே பெயரில் 1974இல் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துக்கொண்டு 'அபோகலிப்ஸ்' செய்தார். பெரிய வேலை, எனக்கு ஒட்டவில்லை. எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம், ராகவன் ஆகியோரோடு அவர் தொடங்கிய சக்தி குழுவின் முதல் தட்டு ஒரு மேடைப் பதிவு. 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் எடுக்கப்பட்டது. கச்சேரிதான் மூலம், ஸ்டுடியோ பிறகு என்கிற வரிசை அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அந்தத் தட்டுக்கு நம் பக்கத்தில் கிடைத்த வாஞ்சையில் ஒரு துளி சென்ட்ரல் பார்க் தட்டுக்குக் கிடைத்திருக்கலாம். அங்கே நம்ம ஆட்கள் யாரும் இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2011இல் கொலம்பியா வெளியிட்ட முழுத்தொகுப்புப் பெட்டியில் சென்ட்ரல் பார்க்கில் பதிவான மற்ற உருப்படிகளும் ஒரு தனி சிடியாக வந்துவிட்டன. ரசிகர்கள் ஓடிப்போய் வாங்கினோம். தட்டுகளை வாங்கி அடுக்குகிறவன் அவற்றைக் கேட்பதற்கான நேரத்தையும் சேர்த்தே சேமித்துவைப்பதாகப் பாவித்துக்கொள்கிறான் என்று ழாக் அத்தாலி எழுதியது நம்மைப் பார்த்து எழுதினது போலிருக்கிறது. என் பெட்டியில் அந்தக் கூடுதல் சிடி இரண்டு தடவைக்கு மேல் சுழன்றதில்லை. காதுக்குப் பழகினது அந்த மூன்று உருப்படிகளின் வரிசை.

பழக்கத்தால் மறைந்துபோனதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரைடென்டில் பதிவானவை மொத்தம் ஆறு. மேடைத் தட்டுக்கு வந்து சேர்ந்தவை மூன்று. விடுபட்டவற்றில் 'ஐ வொண்டர்' குட்மேனுடையது, 'ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்' லேர்டுடையது. இரண்டும் மூன்று நிமிடச் சொச்சம்தான். 42 நிமிடத் தட்டில் அவற்றுக்கு இடமில்லாமல் போனதற்கு வினைலின் கொள்ளளவு காரணமா, வேறு காரணமா என்று வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாது. ஆனால் இந்தத் தட்டை நேசித்த நாங்கள் 26 வருஷமாக அந்த இரண்டையும் தேடவில்லை என்பது எங்கள் கணக்கில்தான் வரும். தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஏனென்றால் 1974இலேயே இரண்டும் வேறொரு தட்டில் வெளிவந்துவிட்டன: ஹம்மரும் குட்மேனும் சேர்ந்து செய்த 'லைக் சில்ட்ரன்'. லேர்ட் எண்பதுகளில் பேஸைக் கீழே வைத்துவிட்டுப் புகைப்படக் கலைஞராகி, 2021 ஜூலையில் இறந்தபோது வந்த அஞ்சலிகள் எல்லாவற்றிலும் மகாவிஷ்ணுவின் பேஸ் வாசிப்பாளர் என்றுதான் இருந்தது; அவர் மெட்டமைத்தவர் என்பதை நான் அவற்றில் பார்க்கவில்லை. 'லைக் சில்ட்ரன்' தட்டில் எல்லா வாத்தியங்களையும் அந்த இருவரே பங்குபோட்டு வாசித்திருக்கிறார்கள். 'ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்' அதில் நன்றாகவே வந்திருக்கிறது, மெட்டு முழுக்க அடியில் நடக்கிற அந்த பேஸ் வரியில்தான் நிற்கிறது. வாசிப்பது லேர்ட் அல்ல.